ஸ்கூடாயில் வசந்தம் டிவி எடுக்க ஏரியலை எந்தப் பக்கம் திருப்புவது?

தாமான்வாசி:
வணக்கம். ஜொகூர் ஸ்கூடாயில் இரட்டை மாடி தெரேஸ் வீடு, நடு வரிசை. மைடிவி (மலேசியாவின் இலவச டிஜிட்டல் டிவி, முன்பு மைஃப்ரீவியூ) சேனல்கள், ஒலிபரப்புக் கோபுரம் உள்ள குனோங் பூலாய் மலைப் பக்கம் திருப்பிய சின்ன யூஎச்எஃப் (உயர் அலைவரிசை) ஏரியலில் சுத்தமாக வருகின்றன. இப்போது அம்மாவுக்காக சிங்கப்பூரின் தமிழ்ச் சேனல் வசந்தமும் வேண்டும். கூரையில் பழைய பெரிய ஏரியல் ஒன்று தெற்கே பார்த்து நிற்கிறது. அதில் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) மாட்டித் தேடினால் சிக்னல் வலிமை 80க்கு மேல் காட்டுகிறது, தரம் மட்டும் 0. சிங்கப்பூர் சேனல் ஒன்றுகூட விழவில்லை. டிவி 2020இல் வாங்கியது, ஏரியல் வழி டிஜிட்டல் சிக்னலை வாங்கும் டிவிபி-டி2 உண்டு. பழைய ஏரியல் உதவுமா? சரியான திசை எது? இரண்டு ஏரியலையும் ஸ்பிளிட்டர் வைத்து ஒரே கேபிளில் சேர்க்கலாமா?

கம்பிச்சுருள்:
முதலில் பூஸ்டரைக் கழற்றுங்கள். வலிமை 80, தரம் 0 என்றால் சிக்னல் குறைவு என்று அர்த்தமில்லை, வேண்டாதது நிறைய உள்ளே வருகிறது என்று அர்த்தம். பூலாய் மலை உங்களுக்கு 15 கிலோமீட்டருக்குள். அங்கிருந்து வரும் வலுவான சிக்னல் ஏரியலின் முதுகுப் பக்கமாகவே நுழைந்து பூஸ்டரைத் திணறடிக்கும். திணறிய பூஸ்டர் இல்லாத அலைவரிசைகளிலும் குப்பையைக் கிளப்பும், அதில் சிங்கப்பூர் மூழ்கிவிடும். தெருமுனையில் செல்பேசி கோபுரம் இருந்தால் 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜியும் சேர்ந்துகொள்ளும். பிறகு பூஸ்டர் அவசியம் என்று தெரிந்தால், 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் எல்டிஈ ஃபில்டரை அதற்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் பயனில்லை.

பழைய ஏரியலுக்கு ஓர் அளவுநாடா போதும். கேபிள் கட்டியிருக்கும் வளைந்த கம்பியின் நீளத்தைப் பாருங்கள். 70 முதல் 85 சென்டிமீட்டர் வந்தால் அது விஎச்எஃப் ஏரியல், அதாவது யூஎச்எஃபை விடத் தாழ்ந்த அலைவரிசைக்கானது. அனலாக் காலத்தில் சிங்கப்பூர் சேனல் 5ம் சேனல் 8ம் விஎச்எஃபில் வந்தன, ஜொகூர் கூரைகளில் நின்ற பெரிய ஏரியல்கள் பல அதற்காகப் போட்டவை. 2019 தொடக்கத்திலிருந்து சிங்கப்பூரில் அனலாக் இல்லை, எல்லாமே யூஎச்எஃப் டிஜிட்டல். இந்த அலைக்கு அந்தக் கம்பி 25 முதல் 28 சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஆகவே கம்பத்தை வைத்துக்கொண்டு ஏரியலை மாற்றுங்கள். உங்கள் தூரத்துக்கு 10 முதல் 14 கம்பி உள்ள யூஎச்எஃப் யாகி (ஒரு தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக உள்ள ஏரியல்) தாராளம்.

கேபிளையும் மாற்றிவிடுங்கள். கூரையில் பல வருடம் வெயில் பட்ட கேபிளின் மேலுறை வெடித்து, உள்ளே இருக்கும் உலோகப் பின்னல் கறுத்திருக்கும். ஆர்ஜி6 வகை ஏரியல் கேபிள் போட்டால் 20 மீட்டருக்குச் சுமார் 3 டெசிபெல் இழப்பு, அது தாங்கும். கேபிள் முனையில் எஃப் கனெக்டர் (திருகும் இணைப்பு) மாட்டும்போது நடுச் செம்பு 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டட்டும். பின்னலில் ஒரே ஓர் இழை மடங்கி நடுக்கம்பியைத் தொட்டாலும் போச்சு, மேலே எவ்வளவு நல்ல ஏரியல் இருந்தாலும் கீழே ஒன்றும் வராது. மாட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தெற்குமுகம்:
திசை பற்றி. குறி வைக்க வேண்டியது சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் ஒலிபரப்புக் கோபுரம். வெறும் "தெற்கு" என்று வைத்தால் ஸ்கூடாயில் 30 பாகை தவறும். ஒவ்வோர் ஊரிலிருந்தும் அந்தக் கோபுரத்தின் திசையும் தூரமும், தோராயக் கணக்கு இது (பாகையில்: வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180):

ஜொகூர் பாரு நகர மையம்: நேர் தெற்கு 180, 12 கி.மீ.
ஸ்கூடாய்: 150, 24 கி.மீ.
கூலாய்: 151, 38 கி.மீ.
உலு திராம்: 192, 28 கி.மீ.
மாசாய்: 220, 20 கி.மீ.

நம் பகுதியில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், கைப்பேசித் திசைகாட்டியைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் அது பொய் சொல்லும். மூன்று மீட்டர் தள்ளி நின்று, 150இல் தெரியும் ஒரு கூரையையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு பிறகு கம்பத்துக்குப் போங்கள்.

கம்பிகளைக் கிடையாக வைத்துத் தொடங்குங்கள். டிவியில் ஆட்டோ ஸ்கேன் வேண்டாம், மேனுவல் ஸ்கேனில் சிங்கப்பூர் அலைவரிசைகளான 538 மெகாஹெர்ட்ஸ், பிறகு 554, இரண்டுக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலம். தரம் காட்டும் பட்டையைத் திறந்தே வைத்து, ஒருவர் மேலே 5 பாகை திருப்பி நிறுத்த வேண்டும், கீழே இருப்பவர் நிதானமாக எண்ணைச் சொல்ல வேண்டும். எண் மாற ஓரிரு விநாடி ஆகும். விடாமல் திருப்பிக்கொண்டே போனால் சரியான இடத்தைத் தாண்டிவிடுவீர்கள். எந்தத் திசையிலும் தரம் ஏறவில்லை என்றால் ஏரியலை 90 பாகை உருட்டி, கம்பிகளைச் செங்குத்தாக்கிப் பாருங்கள். வலிமையைக் கணக்கில் எடுக்காதீர்கள், தரம்தான் பேச்சு. டிஜிட்டலில் "கொஞ்சம் புள்ளியாக வருது" என்ற நிலையே கிடையாது. ஓர் எல்லைக்கு மேல் முழுப் படம், கீழே கட்டம் கட்டமாக உடைந்து கறுப்பு. அதனால் படம் வந்ததும் இறங்கிவிடாமல் அதிகபட்சத் தரம் வரை திருப்பி, பிறகு போல்ட்டை முறுக்குங்கள். அந்த மிச்சம்தான் மோசமான நாளில் காப்பாற்றும்.

கூலாய் பக்கம் வாசிப்பவர்களுக்கு: தெற்கே எண்ணெய்ப்பனைத் தோட்டம் இருந்தால் ஏரியல் மட்டைகளுக்கு மேலே நிற்க வேண்டும். இலை நனைந்தால் இன்னும் அதிகமாக விழுங்கும்.

தாமான்வாசி:
அளந்துவிட்டேன், 82 சென்டிமீட்டர். யூஎச்எஃப் யாகி மாற்றிவிடுகிறேன். ஒரே கேபிளில் சேர்ப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். மழையில் போய்விடுமா என்பதும் கேள்வி.

மாசாய்_ஏரியல்:
ஸ்பிளிட்டரில் சேர்க்காதீங்க. ரெண்டு ஏரியலும் யூஎச்எஃப், ரெண்டுக்குமே ரெண்டு நாட்டு சிக்னலும் கொஞ்சம் கேட்கும். ஒரே சிக்னல் ரெண்டு வழியா, ரெண்டு வேற நேரத்துல வந்து சேரும்போது சில அலைவரிசையில ஒன்னை ஒன்னு அழிச்சிடும். அதோட ஸ்பிளிட்டரே 3.5 டெசிபெல் தின்னுடும். இப்ப நல்லா வர்ற மலேசிய சேனலும் கெட்டுப்போகும்.

உங்களுக்கு நல்ல வழி: பூலாய் ஏரியல் மைடிவி டிகோடருக்கு, அங்கேருந்து எச்டிஎம்ஐ. சிங்கப்பூர் ஏரியல் நேரா டிவியோட ஏரியல் துளைக்கு. ரெண்டும் தனித்தனி டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி), ஒன்னோட ஒன்னு மோதாது. டிகோடர் இல்லைன்னா ரெண்டு ஏரியல்ல ஒன்னை மாத்தி மாத்தித் தேர்ந்தெடுக்கிற 75 ஓம் ஏ/பி சுவிட்ச் போதும். ஆனா வரிசை முக்கியம்: முதல்ல பூலாய் பக்கம் வச்சு ஆட்டோ ஸ்கேன், பிறகு சுவிட்சை மாத்தி மேனுவல் ஸ்கேன். ரெண்டாவது தடவையும் ஆட்டோ போட்டா பல டிவியில பழைய பட்டியல் அழிஞ்சிடும்.

ஒரே கம்பத்துல ரெண்டையும் வைக்கிறதுன்னா நடுவுல ஒரு மீட்டராவது விடுங்க, சிங்கப்பூர் ஏரியல் மேல. ஜிங்க் கூரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரணும்.

மழை: இந்த அலைவரிசையில மழைத்துளியால இழப்பு இல்லைன்னே சொல்லலாம். மழை பெய்ஞ்சா படம் போகுதுன்னா தண்ணி உள்ள இறங்கியிருக்கு. ஏரியல் நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தா பாலுன் பலகையில (ஏரியலையும் கேபிளையும் இணைக்கிற சின்ன சர்க்யூட்) பச்சை பிடிச்சிருக்கும், அதான் அடையாளம். மாட்டும்போதே கனெக்டர் மேல தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்து, கீழேருந்து மேலா சுத்துங்க. பெட்டியோட துளை கீழே பார்க்கணும், அதை அடைச்சிடாதீங்க. கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டா தண்ணி அங்கேயே சொட்டிடும்.

இடியை லேசா எடுத்துக்காதீங்க, ஜொகூர்ல அது அடிக்கடி. கம்பத்தை 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால வீட்டோட எர்த்தோட சேர்க்கணும், எலக்ட்ரீஷியன் வச்சே செய்யுங்க. தனியா ஒரு கம்பி நட்டுட்டு வீட்டு எர்த்தோட சேர்க்காம விட்டா இன்னும் ஆபத்து, மின்னல் டிவி வழியா பாதை தேடும். மேகம் கறுத்தா கூரையில ஏறவே ஏறாதீங்க. மின்கம்பி பக்கம் கம்பம் சாய்ஞ்சாலும் தொடாத தூரம் இருக்கான்னு கீழேருந்தே அளந்துட்டு ஏறுங்க.