86 அடித்தோம், 41 வாங்கினோம்: இது ஸ்லாட்டின் கோப்பையா, கிளாப்பின் கோப்பையா?

கடைசிபெஞ்ச்_ரெட்:

2025 ஜூன். நம் லிவர்பூல் பிரீமியர் லீக் கோப்பையை வென்ற சீசன் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. கோப்பை வந்த மயக்கம் கொஞ்சம் தெளிந்திருக்கும், இனி நிதானமாகச் சண்டை போடலாம்.

2024 மே மாதம் நம் பழைய கோச் யூர்கன் கிளாப் விடைபெற்ற நாளை மறந்திருக்க மாட்டீர்கள். நம் மைதானம் ஆன்ஃபீல்டின் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பிறகு வரப்போகிறவரின் பெயரைத் தானே பாட்டாகப் பாடி, அழுதுகொண்டிருந்த கூட்டத்தையும் பாடவைத்தார். அப்படி வந்தவர்தான் நெதர்லாந்தின் ஃபெயனூர்டு கிளப்பில் இருந்து ஆர்னே ஸ்லாட். வந்தவருக்கு மிட்ஃபீல்டில் ஆள் வேண்டியிருந்தது. சுபிமெண்டியைக் கேட்டார்கள், அவர் ஸ்பெயினின் சோசியடாடை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். ஆடுவதற்கென்று அந்தச் சீசனில் வந்தது சியேசா ஒருவர்தான், அவரும் லீக்கில் 6 ஆட்டத்தில் தலைகாட்டியதோடு சரி. கீப்பர் மமர்தாஷ்விலியை வாங்கி வலென்சியாவிலேயே விட்டுவைத்தார்கள்.

அப்படியிருந்தும் நான்கு ஆட்டம் மீதமிருக்கும்போதே லீக் கையில். கிளப்பின் 20வது லீக் பட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சமம். கேள்வி ஒன்றுதான்: இதில் எவ்வளவு ஸ்லாட், எவ்வளவு கிளாப்?

கிளாப்தாசன்:

இதற்கு நான் பேசவே வேண்டாம், பாயிண்ட் டேபிளே பேசும்.

2023-24, கிளாப்பின் கடைசி சீசன்: அடித்தது 86, வாங்கியது 41, வெற்றி 24, டிரா 10, தோல்வி 4. புள்ளி 82.
2024-25, ஸ்லாட்டின் முதல் சீசன்: அடித்தது 86, வாங்கியது 41, வெற்றி 25, டிரா 9, தோல்வி 4. புள்ளி 84.

ஒரு கோல் ஏறவில்லை, ஒரு கோல் இறங்கவில்லை. ஒரு டிரா வெற்றியாக மாறியது, அவ்வளவுதான் வித்தியாசம். கிளாப்புக்கு மூன்றாம் இடம், இவருக்குக் கோப்பை. ஏன்? மான்செஸ்டர் சிட்டி 91-இல் இருந்து 71-க்கு விழுந்தது. அவர்களின் ரோட்ரி செப்டம்பரிலேயே முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். ஆர்சனல் 89-இல் இருந்து 74.

சமைத்தது ஒருவர், பரிமாறியது இன்னொருவர். பரிமாறியவர் கையில் சிந்தாமல் பரிமாறினார், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சமையல்காரர் பெயரை அழிக்க முடியுமா?

வடலண்டன்_வாசி:

ஆர்சனல்காரன் உள்ளே வரலாமா? தாசன் அண்ணன் சொல்வது சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 84 புள்ளியைத் தூக்கிப் போன வருடத்து டேபிளில் வைத்தால் அப்போதும் மூன்றாம் இடம்தான். இந்த வருடம் நாங்களும் தோற்றது 4 ஆட்டம்தான். வாங்கிய கோல் 34, உங்களைவிட 7 குறைவு. சாகா கிறிஸ்துமஸ் நேரத்தில் போனவர் ஏப்ரலில்தான் திரும்பினார். ஓடகார்டு, ஹாவெர்ட்ஸ், ஜேசுஸ் என்று ஆஸ்பத்திரி வரிசை. அக்டோபர் முடிவதற்குள் ரைஸ், டிரொஸார்டு, சலீபா மூன்று பேருக்கும் ரெட் கார்டு. ஓட்டப்பந்தயத்தில் பக்கத்தில் ஓடுகிறவர்கள் எல்லாம் தடுக்கி விழுந்தால் முதலில் வருவது பெரிய காரியமா?

கடைசிபெஞ்ச்_ரெட்:

வாங்க வாசி. உங்கள் டிரா எத்தனை என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

வடலண்டன்_வாசி:

14. அதைப் பற்றி இன்று பேச வேண்டாம்.

கூட்டிக்கழி:

தாசன் அண்ணே, உங்கள் கணக்கு சரி. கணக்கை மூடிய தேதிதான் தப்பு.

ஏப்ரல் 27, ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்) ஆட்டம். நம் நேரத்துக்கு இரவு 9 மணி. 12வது நிமிடம் சொலாங்கி அடித்து ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கினார், அப்புறம் நமக்கு 5-1. அந்த இரவோடு லீக் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்த நான்கு ஆட்டத்தைப் பாருங்கள்: செல்சியிடம் 3-1 தோல்வி, ஆர்சனலோடு 2-2, பிரைட்டனிடம் 3-2 தோல்வி, பேலஸோடு 1-1. நான்கு ஆட்டத்தில் இரண்டே புள்ளி, வாங்கியது 9 கோல். கல்யாணம் முடிந்த வீட்டில் மறுநாள் சமையல் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அந்த நான்கையும் கழித்துவிட்டுப் பாருங்கள். 34 ஆட்டம், 25 வெற்றி, 7 டிரா, 2 தோல்வி. அடித்தது 80, வாங்கியது 32. புள்ளி 82.

அந்த 82 எங்கேயோ பார்த்த எண் போல இருக்கிறதா? கிளாப் 38 ஆட்டத்தில் எடுத்த அதே 82. அவர் அணி 34 ஆட்டம் முடிந்தபோது 74-இல் இருந்தது. அதாவது பந்தயம் உயிரோடு இருந்தவரை இவர் 8 புள்ளி முன்னால். கிளாப் அணி ஏப்ரலில் பேலஸிடமும் எவர்டனிடமும் தோற்று எங்கே கழன்றது என்று உங்களுக்கே தெரியும்.

செப்டம்பர் 14 அன்று ஃபாரஸ்டிடம் ஆன்ஃபீல்டிலேயே 1-0 தோற்றோம். அடுத்த லீக் தோல்வி ஏப்ரல் 6, ஃபுல்ஹமில். இடையில் 26 ஆட்டம் யாரும் தொடவில்லை. சிட்டியை இங்கே 2-0, அங்கே 2-0. பக்கத்தில் ஓடியவர் தடுக்கினார் என்கிறாரே வாசி, இரண்டு தடவையும் காலை வைத்தது யார்?

கிளாப்தாசன்:

34 ஆட்டக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை, நல்ல கேள்வி. ஆனால் தம்பி, அந்த 34 ஆட்டத்தையும் ஆடியது யார்? மெக் அலிஸ்டர், சோபோஸ்லாய், கிராவன்பெர்க். எண்டோவையும் சேர்த்து நான்கு பேரையும் கிளாப் 2023-இன் ஒரே கோடையில் கொண்டுவந்தார். ஹெண்டர்சனும் ஃபபினியோவும் ஒரே மாதத்தில் சவூதிக்குப் போக, வீட்டின் நடுத்தூணைப் பிடுங்கிவிட்டு வேறு தூண் நட்ட மாதிரி வேலை. நட்டவருக்கு வீட்டில் குடியிருக்கக் கிடைத்தது ஒரே வருடம்.

அந்த ஒரு வருடத்திலும் குளிர்காலத்தில் பாதி அணி காயத்தில். வெம்பிளியில் செல்சிக்கு எதிராக லீக் கப் ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? பேர் தெரியாத பையன்களை இறக்கி எக்ஸ்ட்ரா டைம் வரை இழுத்து, வான் டைக் தலையால் முடித்தார். ஸ்லாட்டுக்கு அப்படி ஒரு காய வருடம் வந்ததா? அலிசன் கொஞ்ச நாள், கொனாடே கொஞ்ச நாள், ஜோட்டா வழக்கம்போல. அவ்வளவுதான்.

தேநீர்_இடைவேளை:

காயம் குறைந்தது வெறும் அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் தாசன் சார்? கிளாப்பின் ஆட்டம் பந்து போனவுடன் பத்துப் பேரும் பாய்கிற ஆட்டம். பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும். ஸ்லாட் அதை எடுத்துப் போடவில்லை, அளவைக் குறைத்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கச் சொன்னார். 1-0 முன்னால் இருக்கும்போது 3-0 தேடி ஓடாமல் அப்படியே சுற்றிச் சுற்றிப் பாஸ் போட்டார்கள். அலுப்பாக இருந்தது, உண்மை. நான் இரண்டு ஆட்டத்தில் பாதியில் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன், வந்து பார்த்தால் அதே பாஸ். ஆனால் காலுக்கு அது ஓய்வுதானே.

சாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓடி டிஃபெண்ட் செய்யும் வேலையைக் குறைத்துவிட்டால் முன்னால் பலன் காட்டுகிறேன் என்று கோச்சிடம் தானே சொன்னதாகப் பேட்டியில் சொன்னார். காட்டினார்: 29 கோல், 18 அசிஸ்ட், ஒரே சீசனில் 47 கோலில் பங்கு, 38 ஆட்ட சீசனில் லீக் சாதனை. அதுவும் கான்ட்ராக்ட் முடிகிற வருடத்தில். சாலா, வான் டைக், டிரெண்ட் மூவரும் போவார்களா இருப்பார்களா என்று ஏப்ரல், மே வரை தெரியாது. வேறு டிரெஸ்ஸிங் ரூமாக இருந்தால் அந்தக் கேள்வியே அணியைத் தின்றிருக்கும்.

இன்னும் முக்கியமானது கிராவன்பெர்க். கிளாப் வாங்கினார், சரி. வாங்கி என்ன செய்தார்? பெரும்பாலும் பெஞ்ச், இறங்கினால் இடது பக்க மிட்ஃபீல்டு. சுபிமெண்டி வரமாட்டேன் என்றதும் உலகமே டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் ஆறாம் நம்பர் இல்லை என்று புலம்பியபோது, இவர் பெஞ்சில் இருந்த பையனைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். 37 லீக் ஆட்டம், சீசனின் சிறந்த இளம் வீரர் விருது.

அவர் திரும்புவதை மட்டும் ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டிஃபெண்டரிடமிருந்து பந்து வரும், இவர் எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். பின்னால் ஒருவன் பாய்ந்து வருகிறான். பந்தைத் தொடவே மாட்டார். தொடுவது போல இடுப்பை மட்டும் ஒடித்து, கால்களுக்கு நடுவே பந்தை ஓடவிட்டு, அதோடு சேர்ந்தே சுழன்றுவிடுவார். பாய்ந்தவன் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான், இவருக்கு முன்னால் முப்பது கஜம் காலி மைதானம். பிரஸ் செய்யப் போன அணி அந்த ஒரு நொடியில் உடைந்துவிடும். இது ஆன்ஃபீல்டில் ஏற்கெனவே இருந்த சரக்குதான். கண்டுபிடித்தது யார்?

கடைசிபெஞ்ச்_ரெட்:

முதல் ஆட்டத்தையும் சொல்லுங்கள் தேநீர். இப்ஸ்விச்சில் முதல் பாதி 0-0. இடைவேளையிலேயே டிஃபெண்டர் குவான்சாவை எடுத்துவிட்டுக் கொனாடேயை இறக்கினார். பையன் மோதல்களில் தோற்கிறான் என்று வெளியே வந்து பச்சையாகவே சொன்னார். முடிவு 2-0. கிளாப் என்றால் பையனின் தோளில் கைபோட்டு இன்னும் இருபது நிமிடம் கொடுத்திருப்பார். எது நல்லது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அரைத்தூக்கம்:

எல்லோரும் லீக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். மார்ச் மாதத்தைப் பாயில் சுருட்டி மூலையில் வைத்துவிட்டீர்களா?

சாம்பியன்ஸ் லீக். பாரிஸில் முதல் ஆட்டம் பிஎஸ்ஜி 27 ஷாட், நாம் 2. அலிசன் ஒன்பது தடவை காப்பாற்றினார், கடைசியில் இறங்கிய எலியட் 87வது நிமிடத்தில் காலில் பட்ட முதல் பந்தையே உள்ளே போட்டார். திருட்டு வெற்றி, அனுபவித்தேன். அடுத்த வாரம் ஆன்ஃபீல்டு. நம் நேரம் விடியற்காலை ஒன்றரைக்கு ஆரம்பம். வீட்டில் எல்லோரும் தூக்கம், நான் போர்வைக்குள் போன், ஒரு காதில் மட்டும் இயர்போன். டெம்பெலே 12வது நிமிடமே அடித்துவிட்டார். எக்ஸ்ட்ரா டைம் போய், பெனால்டி போய், நூன்யெஸ் அடித்ததும் கீப்பர் கையில், ஜோன்ஸ் அடித்ததும் கீப்பர் கையில். நான்கு மணிக்கு மேல் பால்காரர் மணி அடிக்கும்போது நாம் வெளியே.

ஐந்து நாள் கழித்து வெம்பிளியில் லீக் கப் ஃபைனல். நியூகாசிலிடம் 2-1 தோல்வி. டான் பர்ன் கார்னரில் தனியாக நின்று தலையால் முட்டினார். சாலா ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. கால்கள் தீர்ந்துபோயிருந்தன. ஏன் தீர்ந்தன? ஆகஸ்டில் இருந்து அதே பதினொரு பேர். சியேசாவுக்கும் எலியட்டுக்கும் லீக்கில் பத்து நிமிடம் கொடுக்கவே மனம் வரவில்லை. பிளிமத்துக்கு எதிராக எஃப்ஏ கப்பில் மட்டும் திடீரென்று 10 பேரை மாற்றினார். இரண்டாம் டிவிஷனில் கடைசியில் கிடந்த அணியிடம் பெனால்டி கோலில் தோற்றோம். ஒன்று யாரையும் மாற்றுவதில்லை, இல்லாவிட்டால் எல்லோரையும் மாற்றுவது. ஓய்வு கொடுத்தார் என்று தேநீர் சொல்வதை இதோடு எப்படிச் சேர்ப்பது?

தேநீர்_இடைவேளை:

மாற்றி இறக்கும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதில் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பிஎஸ்ஜியிடம் தோற்றதை மட்டும் குறையாகச் சொல்லாதீர்கள். அவர்கள் ஃபைனலில் இண்டரை 5-0 நசுக்கினார்கள். அதுவும் நாம் லீக் கட்டத்தில் முதல் ஏழையும் ஜெயித்து முதலிடம் பிடித்ததற்குப் பரிசாகக் கிடைத்த எதிரணி. முதலிடம் வந்தால் பாரிஸ் கிடைக்கும் என்று யார் கண்டது?

வடலண்டன்_வாசி:

அமைதியின் சிகரம் என்று ஸ்லாட்டைச் சொல்கிறீர்கள். எவர்டனின் குடிசன் பார்க்கில் டார்கௌஸ்கி 98வது நிமிடம் 2-2 ஆக்க, ஆட்டம் முடிந்ததும் ரெஃபரியிடம் போய் ரெட் கார்டு வாங்கினாரே, அந்த அமைதியா?

கடைசிபெஞ்ச்_ரெட்:

அன்று 98வது நிமிடம் நானும் டிவி ரிமோட்டைத் தேட வேண்டியிருந்தது. விட்டுவிடுங்கள்.

கிளாப்தாசன்:

நானே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம். பட்டம் வென்ற அன்று ஆன்ஃபீல்டில் மைக் ஸ்லாட் கைக்கு வந்தது. அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், போன வருடம் கிளாப் போட்டுக்கொடுத்த மெட்டிலேயே கிளாப்பின் பெயரைப் பாடினார். என் மனைவி அடுக்களையில் இருந்து எட்டிப்பார்த்து, ஜெயித்துவிட்டுமா அழுகிறீர்கள் என்று கேட்டாள். வந்தவருக்கே தெரிகிறது இது யார் வீடு என்று. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கூட்டிக்கழி:

அண்ணே, அவர் பாடியது மரியாதை. மரியாதையை ரசீதாக எடுத்துக்கொண்டால் எப்படி? கிளாப்பும்தான் ஸ்லாட் பெயரைப் பாடினார், ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால்.

2025 கோடையில் ஃப்ரிம்பாங், விர்ட்ஸ் என்று புது ஆட்கள் வருகிறார்கள். இனி வருகிறவர்கள் ஸ்லாட் ஆட்கள். அதற்காகவாவது இந்த வருடக் கணக்கை இப்போதே முடித்துவைப்போம்.

கிளாப்தாசன்:

சரி, பேரம். கிராவன்பெர்க்கை ஸ்லாட் கணக்கில் எழுதிக்கொள். சாலாவின் 47-இல் பாதியையும் எடுத்துக்கொள். மெக் அலிஸ்டர், சோபோஸ்லாய், வான் டைக், அலிசன் எல்லாம் கிளாப் கணக்கு. பிளிமத் யார் கணக்கு என்று கேட்கவே வேண்டாம்.

கூட்டிக்கழி:

47-இல் பாதி இருபத்து மூன்றரை. அந்த அரை கோலை என்ன செய்ய?

வடலண்டன்_வாசி:

எங்களுக்குக் கொடுங்கள். 14 டிராவில் ஒன்றையாவது மாற்றிப் பார்க்கிறோம்.