இந்த ஷாட் எத்தனை கஷ்டம்? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பூல் டேபிளைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "நேர் ஷாட்தானே, போட்டுடலாம்." "அவ்வளவு மெல்லிசா வெட்டணுமா? விட்டுடு." இந்தத் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் தப்பு என்பது என் கட்சி.

கிளப் போட்டி ஒன்றில் கடைசி கேம். எதிரணிக்காரருக்கு எட்டாம் நம்பர் பந்து மட்டும்தான் பாக்கி. அது டேபிளின் நட்டநடுவில் இருந்தது. ஸ்டிக்கால் அடிக்கும் வெள்ளைப் பந்து ஒரு மூலைக்குப் பக்கத்தில், எதிர் மூலை பாக்கெட்டுக்கு ஒரே கோடு. எங்கள் ஆட்கள் ஸ்டிக்கைக் கழற்றி உறையில் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் குனிந்தார், எழுந்து சாக் போட்டார், மறுபடி குனிந்து அடித்தார். பந்து பாக்கெட்டின் வலது உதட்டில் பட்டு, எதிர் உதட்டில் ஒரு தட்டுத் தட்டி, வெளியே வந்து நின்றுகொண்டது. "இதைப் போய் விட்டுட்டாரே!" என்று எங்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர் ஷாட்களிலேயே மோசமான இடம் அதுதான். வெள்ளைக்கும் பாக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறாமல் இருந்தால், நடுவே உள்ள பந்து பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் சுலபம், வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாலும் சுலபம். சரிபாதியில் இருக்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். வெள்ளை போகவேண்டிய தூரம் நம் கையின் பிசகைப் பெருக்குகிறது. அப்படிப் பெருகிய பிசகை, அடிபட்ட பந்து போகவேண்டிய தூரம் இன்னொரு தடவை பெருக்குகிறது. இரண்டு தூரங்களையும் பெருக்கிப் பாருங்கள், நடுவில்தான் உச்சம்.

கணக்காகச் சொன்னால், ஒன்பது அடி டேபிளின் ஆடுகளம் 100 அங்குலம் நீளம், 50 அங்குலம் அகலம். பந்தின் விட்டம் 57 மி.மீ. மூலை பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலம், அதாவது 114 மி.மீ. நடுப்பந்து மூலைக்குப் போக ஏறக்குறைய 1.4 மீட்டர். உதட்டில் படாமல் விழவேண்டுமானால் அதன் திசை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் பிசகலாம், அவ்வளவுதான். அதற்கு வெள்ளையின் திசையில் நமக்குக் கிடைக்கும் சலுகை ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு! படவேண்டிய இடத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டர் தள்ளிப் பட்டாலே உதடுதான்.

இப்போது எல்லோரும் பயப்படுகிற கட் ஷாட்டை, அதாவது பந்தை ஓரத்தில் அடித்துச் சாய்வாகத் திருப்பும் வெட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். பந்து பாக்கெட்டிலிருந்து ஒரு அடி தள்ளி, வெள்ளை அரை மீட்டரில், 45 டிகிரி வெட்டு. அதே கணக்குப்படி சலுகை கிட்டத்தட்ட அரை டிகிரி. அந்த "நேர் ஷாட்தானே"யை விட எட்டு, ஒன்பது மடங்கு தாராளம். கோணம் 60 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் வெட்டு என்பதே உண்மையான வில்லன் ஆகிறது. 60இல் பிசகு இரண்டு மடங்காகும், 75இல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

நீங்கள் சந்தித்த ஏமாற்று ஷாட் எது?

*

கணக்கு சரி நண்பரே. ஆனால் வெள்ளை சரியான இடத்தில் பட்டுவிட்டால் பந்து சரியான திசையில் போய்விடும் என்று வைத்துக்கொண்டுதான் இதைப் போட்டிருக்கிறீர்கள். அது எப்போதும் நடப்பதில்லை.

வேறொரு கிளப்புக்கு ஆடப் போயிருந்தோம். அங்கே பந்துகளைத் துடைத்து எத்தனை நாள் ஆனதோ, விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. முதல் அரை மணி நேரம் எங்கள் அணியில் நல்ல கை உள்ளவர்கள்கூடத் திணறினார்கள். வேடிக்கை என்னவென்றால், விட்டதெல்லாம் ஒரே மாதிரியான பந்துகள். மெதுவாகத் தட்டிய அரைப்பந்து வெட்டுகள் (வெள்ளை, அடிபடும் பந்தின் பாதியை மறைத்துப் படும் அடி), எல்லாமே வெட்டு போதாமல் ஒரே பக்க உதட்டில் போய் முட்டின.

இரண்டு பந்துகள் மோதும்போது உரசலால் அடிபட்ட பந்து வெள்ளை போன திசைக்குக் கொஞ்சம் இழுபடும். மோதிய பிறகு வெள்ளையை முன்னே ஓடவைக்கும் ஃபாலோவும் பின்னே இழுக்கும் ட்ராவும் இல்லாமல், மெதுவாக, அரைப்பந்தாக அடிக்கும்போது இந்த இழுப்பு மிக அதிகம். அழுக்குப் பந்தில் அது இன்னும் கூடும். எங்கள் கேப்டன் கண்டுபிடித்துச் சொன்ன மருந்து இரண்டு: ஒன்று, கொஞ்சம் அழுத்தி அடி, இல்லையென்றால் வெட்டுகிற பக்கத்துக்கு வெளியே லேசாக சைடு ஸ்பின் கொடு. வெளி ஸ்பின் அளவாக இருந்தால் இரண்டு பந்தும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுவிடும், உரசாது. அப்புறம் பந்துகள் விழ ஆரம்பித்தன.

அதனால் என்னிடம் ஒரு ஷாட் கஷ்டமா என்று கேட்டால், முதலில் பந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

*

நடு பாக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே!

மூலையை விட நடு பாக்கெட்டின் வாய் அகலம். விதிப்படியே 5 அங்குலத்துக்குக் குறையாது. அதை நம்பித்தான் புதிதாக ஆடுகிறவர்கள் அங்கே ஓடுகிறார்கள். நேராக வரும் பந்துக்கு அந்த 127 மி.மீ. வாய் முழுசாகத் திறந்திருக்கும். 60 டிகிரி சாய்ந்து வரும் பந்துக்கு அதே வாய் 63 மி.மீ.தான். பந்தே 57. மூலையில் குஷனை (டேபிளின் ரப்பர் ஓரத்தை) உரசிக்கொண்டு வரும் பந்தை உதடு பல சமயம் உள்ளே தள்ளிவிடும், நடுவில் அந்தத் தயவு கிடையாது. தூர உதட்டில் பட்டால் பந்து டேபிளுக்கே திரும்பி வரும்.

ஒரு தடவை எனக்கு எதிரே ஆடியவர், நீளமான மூலை ஷாட்டை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நடு பாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். தூரம் இரண்டடிகூட இல்லை. ஆனால் சாய்வு படுமோசம். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பாக்கெட்டின் வாய் ஒரு கீற்றாகத்தான் தெரிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தாராளமாகத் தெரிந்திருக்கும்! பந்து இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும், ஸ்டிக் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

*

என்னுடையது சின்ன அனுபவம். பந்து எங்கே, பாக்கெட் எங்கே என்பதெல்லாம் இரண்டாவது. கை எங்கே வைக்கப்போகிறேன் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. வெள்ளை குஷனில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் விளிம்பு மட்டும்தான் நமக்கு. பின்னால் இன்னொரு பந்து இருந்தால் ஸ்டிக்கின் பின்பக்கத்தைத் தூக்கித்தான் அடிக்கவேண்டும். தூக்கிய ஸ்டிக்கில் நடுக்கோட்டிலிருந்து இம்மி விலகினாலும் வெள்ளை வளைந்து போகும். குழந்தைகூடப் போடும் என்கிற ஷாட்டை இந்த இரண்டு நிலைமையும் அப்படியே தலைகீழாக்கிவிடும். வெளியே நின்று தீர்ப்பு சொல்பவர்கள் இதைக் கவனித்து நான் பார்த்ததே இல்லை.

*

முதல் பதிவு போட்டவருக்கு ஒரு மாற்றுக் கருத்து. பந்தைப் போடுவதை மட்டும் வைத்துக் கஷ்டத்தை அளக்கிறீர்கள். அடுத்த பந்துக்கு வெள்ளை எங்கே நிற்கவேண்டும் என்பது கணக்கில் இல்லை.

அமெரிக்க பூல் வீரர் வில்லி மோஸ்கோனி 1954இல் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் 526 பந்துகளைத் தொடர்ந்து போட்டார். அப்படி ஒரு ஓட்டத்தில் ஒவ்வொன்றும் அசாத்திய ஷாட்டாக இருந்தால் இருபதைக்கூடத் தாண்ட முடியாது. அடுத்தது எப்போதும் சுலபமாக இருக்கும்படி வெள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அங்கே வித்தை. எங்கள் கிளப்பில் வயதான ஒருவர் இருந்தார். இளசுகள் "அண்ணே, அந்த கட் ஷாட்டைப் போடுங்க" என்று கத்தும்போதெல்லாம் டேபிளை ஒரு சுற்று சுற்றுவார். பிறகு வெள்ளையை ஒரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு உட்காருவார். "போகும்டா. போன பிறகு வெள்ளை எங்கே நிக்கும்?" என்பார். பதில் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். கஷ்டமான ஷாட் என்று அவர் சொன்னது, விட்டால் எதிராளிக்கு டேபிளைத் திறந்துவைக்கும் ஷாட்டைத்தான்.

கஷ்டத்துக்கு மதிப்பெண் போட்டுவைத்த ஆட்டமும் உண்டு. பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸில் ஆர்ட்டிஸ்டிக் என்று ஒரு பிரிவு. 76 ஷாட்கள், ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 11 வரை புள்ளி, மூன்று வாய்ப்பு. பந்துகளைக் குறித்த இடத்தில் வைத்து அடிப்பதால் அங்கே அது செல்லும். நம் டேபிளில் ஒரே அமைப்பு இரண்டு தடவை வருமா என்ன?

*

எல்லோரும் "சுலபமாகத் தெரியும், ஆனால் கஷ்டம்" என்றே எழுதுகிறீர்கள். எனக்குக் கிடைத்தது நேர்மாறு.

இரண்டு பந்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டின் மையத்தையும் சேர்த்துக் கோடு போட்டால் அது பாக்கெட்டுக்கு இடப்பக்கம் கொஞ்சம் விலகி, குஷனைத்தான் காட்டியது. "காம்போ இல்லை, விடு" என்றார் பக்கத்தில் நின்றவர். ஒரு பந்தால் இன்னொன்றைத் தள்ளிப் போடும் வழி இல்லை என்று அர்த்தம். நான் முதல் பந்தின் இடப்பக்கத்தில் வெள்ளையை மெதுவாகத் தட்டினேன். முதல் பந்து வலப்பக்கம் நகரப் பார்க்கும்போது, ஒட்டியிருக்கும் இரண்டாவதையும் உரசி அதே பக்கம் இழுக்கும். பந்து சாவகாசமாக உருண்டு பாக்கெட்டில் விழுந்தது. ஓங்கி அடித்திருந்தால் இழுப்பு குறைந்து குஷனில்தான் முட்டியிருக்கும்.

இதை முயற்சி செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பந்துகள் நிஜமாகவே ஒட்டியிருக்கின்றனவா என்று குனிந்து, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து பாருங்கள். நடுவே சன்னமான இடைவெளி இருந்தால்கூடப் பலன் தலைகீழ். இடப்பக்கம் அடித்தால் முதல் பந்து வலப்பக்கம் போய் இரண்டாவதின் வலத்தோளில் மோதும், இரண்டாவது இடப்பக்கமே ஓடும். அப்போது அடிக்கவேண்டியது வலப்பக்கம்.