ஒன்றரை அடி கப்பி மீன் தொட்டி: ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடியும் தண்ணீர் வெள்ளையாகவே இருக்கிறது

கப்பிதொட்டி:
வணக்கம். தொட்டி ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். எட்டு கப்பி. வைத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப், கார்ப்பரேஷன் தண்ணீர். தண்ணீர் பால் கலந்த மாதிரியே நிற்கிறது. காலையில் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஸ்பாஞ்சை அடிக்கடி குழாயில் காட்டிப் பிழிந்து சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். குமிழி சத்தம் வேறு ராத்திரி தூங்க விடவில்லை. மோட்டார் ஃபில்டருக்கு மாறிவிடலாமா?

செவுள்:
மாற வேண்டாம். கப்பி குட்டி போடும். மோட்டார் ஃபில்டர் குட்டிகளை இழுத்துவிடும். குழாயில் கழுவுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள், பாதி சிக்கல் அதில்தான்.

மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இவை ஸ்பாஞ்சின் துளைகளில் ஒட்டி வளர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். குழாய்த் தண்ணீரின் க்ளோரின் பட்டால் செத்துப்போகும். ஒவ்வொரு முறையும் வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கிறீர்கள்.

அந்த வெள்ளை நிறம் வேறு பாக்டீரியா. மிஞ்சிய தீனியைத் தின்று தண்ணீரிலேயே மிதந்து பெருகுவது. ஸ்பாஞ்சில் சிக்காத அளவு நுண்ணியது, ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். தீனியைக் குறைத்தால் தானாக அடங்கும்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு.

உங்கள் தொட்டி விளிம்பு வரை 42 லிட்டர். கல், மேல் இடைவெளி போக 35 என்று வையுங்கள். தினம் 8 லிட்டர் மாற்றுங்கள், மீன் மேலே வருவது நிற்கும் வரை. வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீராக இருக்கட்டும். அவசரமென்றால் ஆன்டி-க்ளோரின் (க்ளோரினை முறிக்கும் மருந்து) விடுங்கள். டெஸ்ட் கிட்டில் நைட்ரைட் காட்டினால் கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம், அதாவது 35 கிராம், மக்கில் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள க்ளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். அடுத்தடுத்து மாற்றும்போது புதிதாக ஊற்றும் 8 லிட்டருக்கு 8 கிராம் மட்டும். மறுபடி 35 போட்டுவிடாதீர்கள்.

குமிழி:
சத்தத்துக்கு வருகிறேன். பம்பிலிருந்து ஃபில்டருக்குள் இறங்கும் காற்று டியூப் முனையில் ஏர் ஸ்டோன் (காற்றைப் பொடிக் குமிழியாக்கும் துளைக் கல்) இல்லாவிட்டால் குமிழி பெரிசு பெரிசாக வந்து மேலே உடையும். ஃபில்டரின் நடுவில் தண்ணீர் மேலேறும் குழாய்க்குள் நுழையும் அளவு ஒல்லியான உருளை ஏர் ஸ்டோன் ஒன்றை முனையில் மாட்டுங்கள். பொடிக் குமிழி தண்ணீரை நன்றாகத் தூக்கும், ஸ்பாஞ்ச் வழியாக ஓட்டமும் கூடும். குழாயின் வாய் நீர்மட்டத்தை ஒட்டி, ஒரு விரல் கீழே இருக்கட்டும். மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரைத் தூக்கும் சக்தி வீணாகி, சளசளவென்று கொட்டும்.

சத்தம் குறையட்டும் என்று பம்ப் பக்கம் வால்வைத் திருகி இறுக்க வேண்டாம். அழுத்தம் திரும்பி உள்ளே காற்றைத் தள்ளும் ரப்பர் டயஃப்ரம் (சவ்வு) கிழியும். டி கனெக்டர் (டியூபை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) போட்டு மிஞ்சும் காற்றை வெளியே விடுங்கள். போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு ஏர் ஸ்டோனில் உப்புப் படிந்து அடைத்தாலும் இதே கதிதான். குமிழி மெலிந்ததும் கல்லை மாற்றிவிட வேண்டும்.

தெளிநீர்:
பம்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்? தொட்டிக்குக் கீழே என்றால் டியூபில் செக் வால்வ் (ஒருவழி வால்வ்) கட்டாயம். டியூப் முனை ஃபில்டரின் அடிவரை போகிறது. கரண்ட் போனால் தண்ணீர் டியூபில் ஏறிப் பம்புக்குள் இறங்கும். விட்டால் தொட்டியே தரையில் காலியாகும். வால்வை மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். அந்த வழி தொட்டியைப் பார்த்து இருக்கணும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே பலகையில் வைப்பது இதைவிட நல்லது. வால்வ் பழசானால் ஒழுகும்.

கப்பிதொட்டி:
பம்ப் ஸ்டாண்டின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது, இன்றே மேலே ஏற்றுகிறேன். ரொம்ப நன்றி. அப்படியானால் ஸ்பாஞ்சை எப்போதுதான் கழுவுவது?

செவுள்:
முதல் ஆறு வாரம் தொடாதீர்கள். பழுப்பாகப் படிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு குமிழி வழக்கம்போல் வந்தும் குழாய் வாயில் தண்ணீர் தள்ளுவது குறைந்தால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு முறை வரும். ஏர் பம்பை நிறுத்தி, ஸ்பாஞ்சை ஒரு பாலித்தீன் பைக்குள் விட்டு மூடி வெளியே எடுங்கள், இல்லையென்றால் அழுக்கு முழுக்கத் தொட்டியில் கொட்டும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் நாலைந்து முறை பிழிந்தால் போதும், வெள்ளைவெளேரென்று ஆக வேண்டியதில்லை. உங்களுடையது இரட்டை ஸ்பாஞ்ச், எனவே ஒரு நேரத்தில் ஒன்று. மற்றதற்கு இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். திரும்ப வைக்கும்போது தண்ணீருக்குள்ளேயே அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள், மிதக்காது.