மறு: ‘டெசிடுவா’வுக்குத் தமிழ்: உதிர்படலமா, கருவணையா?

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவர் அம்மா நேற்று எழுதியது:

> கர்ப்ப காலத்தில் கருப்பையின் உட்படலம் தடித்துக் கருவைத் தாங்குகிறது. தாங்குவதுதான் அதன் வேலை. அதற்குப் போய் ‘உதிர்’ என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? ‘கருவணை’ என்றால் காதுக்கும் இதம், பொருளும் விளங்கும்.

அம்மா, கருவணை நல்ல சொல்தான். ஆனாலும் என் வாக்கு உதிர்படலத்துக்கே. ஏனென்று சொல்வதற்கு, டெசிடுவா (லத்தீனில் ‘உதிர்ந்துவிடுவது’) என்று பெயர் வைத்த உடற்கூறு அறிஞர் வில்லியம் ஹன்டரின் மேசைக்குப் போக வேண்டும். அவர் எதைப் பார்த்து அப்படிப் பெயரிட்டார் என்று தெரிந்தால் நம் வேலை எளிதாகும்.

ஹன்டர் 1718ல் ஸ்காட்லாந்தில், ஈஸ்ட் கில்பிரைடு பக்கத்து லாங் கால்டர்வுட் பண்ணையில் பிறந்தவர். திருச்சபைப் பணிக்கென்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அதை விட்டுவிட்டு ஹாமில்டன் ஊரில் வில்லியம் கல்லனிடம் மருத்துவம் பழகினார். பிறகு எடின்பரோவில் முதலாம் அலெக்சாண்டர் மன்றோவின் உடற்கூறு வகுப்பு. அங்கிருந்து லண்டன்.

1746ல் லண்டனில் சொந்தமாக வகுப்பு தொடங்கினார். இதில்தான் அவர் மற்ற ஆசிரியர்களிடமிருந்து வேறுபட்டார். அக்காலத்து லண்டனில் ஆசிரியர் ஒரே உடலை வைத்து எல்லாவற்றையும் காட்டுவார், மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஹன்டரோ ‘பாரிஸ் முறை’ என்று விளம்பரம் செய்து, ஒவ்வொரு மாணவரும் தன் கையால் அறுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். 1748ல் பத்து வயது இளையவரான தம்பி ஜான் வந்து உதவிக்குச் சேர்ந்தார். கிரேட் விண்ட்மில் தெருவில் பின்னாளில் வில்லியம் கட்டிய வீட்டில் விரிவுரை அரங்கு, அறுவைக்கூடம், அருங்காட்சியகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அரசி சார்லட்டின் பேறுகாலங்களைக் கவனித்தவரும் அவரே. சேகரித்த எல்லாவற்றையும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்துவிட்டு 1783ல் காலமானார்.

நமக்கு வேண்டியது அவருடைய கருப்பை ஆய்வு. நிறைமாதத்தில் இறந்த ஒரு பெண்ணின் உடல் 1751ல் அவருக்குக் கிடைத்தது. அன்று தொடங்கிய வேலை 1774ல்தான் நூலாயிற்று. பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் அச்சிட்ட அந்தப் பெருநூலில் 34 படத்தகடுகள், பெரும்பாலும் யான் வான் ரிம்ஸ்டிக் வரைந்தவற்றிலிருந்து செதுக்கியவை. ஒரு படத்தில் கருவைச் சுற்றிய ஈரமான சவ்வின் மேல் அறையின் ஜன்னல் பிரதிபலிப்பது கூட அப்படியே பதிவாகியிருக்கிறது. கண்ணில் பட்டதை விடாமல் வரைய வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. அந்தத் தகடுகளில் இருக்கும் பெண்களின் பெயர்களை மட்டும் அந்த நூல் சொல்லவில்லை. அது என்னை உறுத்துகிறது. அவர்களின் உடலிலிருந்து வந்த அறிவுக்குத்தான் இன்று நாம் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ரத்தக்குழாய்களில் நிறமேற்றிய மெழுகை உருக்கிச் செலுத்துவது ஹன்டர் பள்ளியின் கைவேலை. கருப்பையின் தமனியில் செலுத்திய மெழுகு நஞ்சுக்குள் (நஞ்சுக்கொடிக்குள்) போனது, ஆனால் தொப்புள்கொடியின் குழாய்களுக்குள் ஏறவில்லை. தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதில்லை என்பது இப்படித்தான் உறுதிப்பட்டது. (இதை யார் முதலில் கண்டது என்று 1780ல் அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்து உறவே முறிந்தது தனிக்கதை.)

இனி அந்தப் படலம். இது ரத்தத்திலிருந்து கசிந்து உறைந்த பொருள் என்பது தம்பி ஜானின் கருத்து. வில்லியம் சொன்னது வேறு: இது கருப்பையின் உட்பூச்சே பூரித்து எழுந்தது, ஆகவே ஒவ்வொரு பேற்றின்போதும் ஒவ்வொரு கருச்சிதைவின்போதும் கழிந்துவிடுகிறது. அவர் இறந்த பின் 1794ல் சகோதரி மகன் மேத்யூ பெய்லி வெளியிட்ட விளக்கநூலில் இது இருக்கிறது. அண்ணன் சொன்னதே சரி என்று பின்னாளில் உறுதியானது. கருப்பையின் சொந்தப் பகுதியாக இருந்தும் நிலைக்காமல் கழிந்துபோவது என்பதே அவர் கண்ட உண்மை. ‘கருவணை’ என்றால் அந்த உண்மை விட்டுப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. கருவே தங்காவிட்டாலும், மாதச் சுழற்சியின் பிற்பாதியில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது. கரு இல்லாத அந்த மாதத்தில் ‘கருவணை’ எப்படிப் பொருந்தும்? கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்ட பெண்ணுக்கும் கருப்பைக்குள் இந்தப் படலம் உண்டாகிறது; சில நேரம் கருப்பைக்குழியின் முக்கோண வடிவத்திலேயே முழுதாக வெளியே வருகிறது. அங்கும் உதிர்படலம் பொருந்தும், கருவணை பொருந்தாது.

காதுக்கு இதம் என்று அம்மா சொன்னதை நான் தள்ளவில்லை. ஆனால் மருத்துவமனையில் ஒரு பெண்ணிடம் யாரும் இந்த இரண்டு சொல்லையும் சொல்லப்போவதில்லை. ‘கர்ப்பப்பையோட உள்பக்கம்’ என்றுதான் சொல்வோம். மேலும் பிரசவம் பார்க்கிற நம் பாட்டிமார் ‘நஞ்சு விழுந்தாச்சா?’ என்றுதானே கேட்பார்கள்? விழுவதை விழுவதென்று சொல்ல அவர்கள் தயங்குவதில்லையே.

தமிழாசிரியர் ஐயா எழுப்பிய ஐயம் கனமானது:

> உதிரம் என்றால் ரத்தம். உதிரப்போக்கு என்று ஊரெல்லாம் வழங்கும்போது, உதிர்படலத்தை ரத்தப்படலம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

ஐயா, உதிரமும் படலமும் சேர்ந்தால் உதிரப்படலம். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல. அதனால்தான் வல்லினம் மிகவில்லை. உதிர்ந்த, உதிர்கிற, உதிரும் படலம் என்று மூன்று காலமும் அதில் அடங்குகிறது. இலையுதிர் காடு பள்ளிக்கூடத்திலேயே பழகிய சொல். ஆனால் அச்சில் ஒரு புள்ளி தவறினால் உதிரபடலம் ஆகிவிடும் என்பது உண்மை. மெய்ப்புப் பார்க்கிறவர்கள் கவனிக்கட்டும்.

‘சவ்வு’ வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். பனிக்குடச் சவ்வு மெல்லியது. இது தடித்த திசு.

கிளைச்சொற்கள்: நஞ்சுக்கு அடியில் இருப்பது அடி உதிர்படலம். கருவைப் போர்த்தியிருப்பது உறை உதிர்படலம். மீதிக் குழியை வரிந்திருப்பது சுவர் உதிர்படலம். ஹன்டர் இரண்டாவதை ‘மடங்கியது’ என்றும் மூன்றாவதை ‘மெய்யானது’ என்றும் அழைத்தார். கரு உட்பூச்சுக்குள் புதைந்து அதனால் மூடப்படுகிறது என்று இன்று தெரிவதால், மடிப்பு என்ற கருத்தை நாம் தமிழில் புதிதாக நுழைக்க வேண்டாம். உட்பூச்சு உதிர்படலமாக மாறுவதற்கு ‘உதிர்படலமாதல்’ போதும். ‘உதிர்படல ஆக்கம்’ என்றால் யாரோ செய்வதுபோல் இருக்கிறது.

நம் கலைச்சொல் தொகுதிக்கான பதிவை இப்படி முன்மொழிகிறேன்:

உதிர்படலம்: கருத்தரிப்புக்கென மாற்றமடைந்த கருப்பை உட்படலம், பேற்றின்போதும் பேற்றுக்குப் பின்னும் கழிவது. பெயரிட்டவர் வில்லியம் ஹன்டர்.

‘சுவர்’ என்பதற்குப் பதில் ‘புற’ என்று வைக்கலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. அம்மாவும் ஐயாவும் கருத்துச் சொன்ன பிறகு பட்டியலில் ஏற்றலாம்.