கார் ஷெட் தரைக்கு எபாக்ஸி: ஜாயின்ட்டை நிரப்பலாமா, விடலாமா?

கார் ஷெட்டின் கான்கிரீட் தரைக்கு எபாக்ஸி (காய்ந்ததும் கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு) அடிக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன், தரையைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்தும் ஆயிற்று, ஆனால் விரிசலிலும் ஜாயின்ட்டிலும் வந்து மாட்டிக்கொண்டேன். தலைமுடி அளவு விரிசல்கள் நிறைய. அவற்றைப் பற்றிக் கவலையில்லை, முதல் கோட் எபாக்ஸியே உள்ளே இறங்கிவிடும். ஒன்று மட்டும் வாசலிலிருந்து நடு வரை ஓடுகிறது, சாவி நுனி உள்ளே போகும் அளவுக்கு அகலம், ஓரத்தைச் சுரண்டினால் மணல் மணலாக உதிர்கிறது. அதை டைமண்ட் பிளேடால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை வேக்குவம் போட்டு எடுத்துவிட்டு, எபாக்ஸியில் சிலிக்கா மணல் கலந்து அடைப்பதாக இருக்கிறேன்.

குழப்பமே ஜாயின்ட்டில்தான். தரை சுருங்கும்போது கண்ட இடத்தில் வெடிக்காமல் அந்தக் கோட்டிலேயே வெடிக்கட்டும் என்றுதானே வெட்டி விடுகிறார்கள், அதைக் கல் மாதிரி இறுகும் எபாக்ஸியால் அடைத்தால் அடுத்த வெயில் காலத்துக்குள் மேலே அடித்த எபாக்ஸியும் சேர்ந்து விரிசல் விட்டுவிடாதா? கொஞ்சம் நெளிந்து கொடுக்கும் பாலியூரியா ஃபில்லர் சரி என்கிறார் ஒருவர், ஜாயின்ட்டை அப்படியே விட்டுவிடு என்கிறார் இன்னொருவர். சுவரோரம் ஓடும் ஜாயின்ட்டில் முன்பு யாரோ சிலிக்கான் வேறு பிதுக்கி வைத்திருக்கிறார்கள், அதன்மேல் எபாக்ஸி ஒட்டாது என்பதால் பிளேடு வைத்து உரித்துக்கொண்டிருக்கிறேன் (பாதிதான் வந்திருக்கிறது, முதுகு போச்சு).

நீங்களே அடித்து, ஒன்றிரண்டு வருஷம் கார் ஏறி இறங்கிய தரை இருந்தால் சொல்லுங்கள்: ஜாயின்ட்டில் என்ன போட்டீர்கள், எபாக்ஸி அடிப்பதற்கு முன்பா பின்பா, இப்போது எப்படி இருக்கிறது? படம் இருந்தால் இன்னும் நல்லது.