கொல்லிமலை இறக்கமும் பிரேக் பேட் தேர்வும்

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் பிரேக் பேட்டை மாற்ற வேண்டிய நிலை வந்தால், எந்த நிறுவனத்தின் பேட் நல்லது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். வண்டி எந்தச் சாலையில் ஓடப்போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். நான் சேலத்தில் வசிக்கிறேன். முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் கொண்ட பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். உறவினர்கள் கொல்லிமலையில் இருப்பதால், காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்குப் பழகியவை.

காரோடு வந்த பேட் தேய்ந்ததும், பட்டறை ஒன்றில் விலை மலிவான ஒரு செட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். ஊருக்குள் ஓட்டியவரை அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. சத்தமும் இல்லை, சக்கரத்தில் கருப்புத் தூளும் படியவில்லை. மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கியபோது, இரண்டாம் கியரிலேயே வந்தும், பாதி வளைவுகளைக் கடந்த பிறகு பெடலை வழக்கத்தைவிட மிகவும் அழுத்தி மிதித்தால்தான் வேகம் குறைந்தது. கருகிய நாற்றமும் வந்தது. ஓரமாக நிறுத்தி நன்றாக ஆறவிட்டதும் பிடிப்பு திரும்பியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்க வாய்ப்பு அதிகம், பெடல் கெட்டியாகவே இருந்து பிடிப்பு மட்டும் குறைந்தால், சூடேறிய பேட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். எனக்கு நேர்ந்தது இரண்டாவது.

ஊர் திரும்பி வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கழற்றிய பேட்டின் முகம் கண்ணாடி போல் பளபளத்தது. "டவுனுக்கு இது போதும் சார், மலைக்கு ஆகாது" என்று சொன்னவர், பேட்டின் விளிம்பில் அச்சாகியிருந்த குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளைத் துடைத்துக் காட்டினார். அவற்றில் முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வையும், இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடேறிய பிறகு உள்ள உராய்வையும் குறிக்கும். இ என்றால் உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவு) 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. என் பேட்டில் இருந்தது 'எஃப் இ'. அதாவது, சூடேறினால் பிடிப்பு ஒரு படி இறங்கும் என்பது அதிலேயே எழுதியிருந்தது. (பேட் தேய்ந்து படியும் தூளைக் காற்றடித்து ஊதுவதற்கு எந்தப் பட்டறையிலும் இடம் கொடுக்காதீர்கள், மலிவு பேட்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கக்கூடும்.)

உதிரிபாகக் கடைக்காரர், பீங்கான் வகைப் பொருள் கலந்ததாகச் சொல்லப்படும் செராமிக் பேட்டையே வலியுறுத்தினார். அது சத்தம் போடாது, தூள் குறைவு, டிஸ்க்கையும் அதிகம் தின்னாது என்பதெல்லாம் பொதுவாக உண்மைதான். ஆனால் பெட்டியின் மேல் செராமிக் என்று போட்டுக்கொள்வதற்குக் கறாரான வரையறை ஏதும் கிடையாது என்பதால், அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விளிம்பில் 'எஃப் எஃப்' என்றும், பின்தகட்டில் ஐரோப்பிய விதியான 90ஆர் முத்திரையும் இருந்த செமி மெட்டாலிக் (உலோக இழைகள் கலந்த) பேட்டை வாங்கினேன். அந்த விதிப்படி, மாற்று பேட்டின் செயல்திறன் அசல் பேட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

புதிய பேட் போட்டதும் ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, வண்டியை முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுச் சில முறை குறைத்து, பேட்டை டிஸ்க்கோடு பழக்கினேன். அதன்பின் அதே இறக்கத்தில் கடைசி வளைவுவரை பெடலின் பிடிப்பு மாறவில்லை. காலையில் முதல் இரண்டொரு மிதிப்புக்குக் கீச்சென்று சத்தம் வருகிறது; சக்கரமும் சீக்கிரம் கறுக்கிறது. எனக்கு இவை பொருட்டில்லை. நகரத்துக்குள் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்த பேட்டைப் பரிந்துரைக்க மாட்டேன்.

செமி மெட்டாலிக் பேட்டில் உள்ள உலோக இழைகள் வெப்பத்தை, பேட்டை அழுத்தும் பாகமான காலிப்பர் வரை கடத்துவதால், பிரேக் ஆயிலையும் உடன் மாற்றச் சொன்னார் மெக்கானிக். டாட் 4 என்ற தரத்திலான பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். பழைய ஆயில் தேநீர் நிறத்தில் வெளியே வந்தது.