நட்சத்திர மீன் வயிற்றில் முழு முழுச் சிப்பி, எப்படி?

கோவளம்_அப்பா:
ஞாயிறு காலை கோவளத்தில் கரைவலை இழுத்து முடித்த இடத்தில் மகளோடு நின்றிருந்தேன். கழித்துப் போட்டதில் உள்ளங்கை அகல நட்சத்திர மீன் ஒன்று செத்துக் கிடந்தது. மணல் நிறம், ஐந்து கை, ஓரமெல்லாம் சீப்புப் பல் போல முள். நடுப்பகுதி புடைத்திருந்தது, அமுக்கினால் நறநறவென்றது. மகள் விடவில்லை, கீறிப் பார்த்தோம். உள்ளே 14 சிப்பியும் நத்தையும்! மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரை. ஒன்றுகூட உடையவில்லை. நட்சத்திர மீன் வயிற்றை வெளியே தள்ளித்தான் சாப்பிடும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஓடு எப்படி உள்ளே போனது?

மணல்வீடு:
ஓட்டில் வட்டத் துளை இருந்ததா சார்? நான் பொறுக்கும் கிளிஞ்சல் பலவற்றில் இருக்கும். நட்சத்திர மீன் வேலை என்றே நினைத்திருந்தேன்.

பழைய_விலங்கியல்:
துளை போடுவது நிலா நத்தை. பாவம், நட்சத்திர மீனுக்குத் துளை போட எதுவும் இல்லை.

ஓர முள்ளை வைத்துப் பார்த்தால் இது அஸ்ட்ரோபெக்டன் என்ற நட்சத்திர மீன் பேரினம். சென்னைக் கரையில் அஸ்ட்ரோபெக்டன் இண்டிகஸ் சாதாரணமாகக் கிடைக்கும், எம்.எஸ்சி. படிக்கும்போது அறுத்த முதல் நட்சத்திர மீனே எனக்கு அதுதான். உள்ளே இருந்த ஓடு பட்டு என் பிளேடு மழுங்கிப்போனது.

நீங்கள் படித்தது பாறையில் வாழும் வகைகளைப் பற்றி. அவற்றின் குழாய்க்கால்களில், அதாவது கைகளின் அடியில் வரிசையாக இருக்கும் குட்டிக் கால்களில், உறிஞ்சுதட்டு உண்டு. அதனால் சிப்பியைப் பிடித்து இழுத்து, சின்ன இடுக்கு கிடைத்ததும் வயிற்றை உள்ளே விடும். அஸ்ட்ரோபெக்டனுக்கு அந்தத் தட்டு கிடையாது, கால் நுனி கூராக இருக்கும். மணலைத் தோண்டத்தான் அது உதவும். மணலுக்குள் புதைந்து, இரையை மோப்பம் பிடித்து, வாய்க்குள் நுழைவதை அப்படியே விழுங்கிவிடும். அதனால்தான் இரை எல்லாம் பொடிசு. மூச்சுக்காற்று இல்லாமல் சிப்பி எப்போதாவது வாயைத் திறந்துதானே ஆகவேண்டும். திறந்ததும் செரிமான நீர் உள்ளே போகும். சதை கரைந்த பிறகு வெற்று ஓட்டை வாய் வழியாகவே துப்பும். இதற்கு மலத்துவாரமே இல்லை, வேறு வழி ஏது?

சில சிப்பிகள் பிடிவாதமாக மூடிக்கொண்டு, உயிரோடு வெளியே வந்துவிடுவதும் உண்டு.

கோவளம்_அப்பா:
பிரமாதம்! அந்த 14-இல் ஒன்று இறுக மூடியே இருந்தது. மகள் அதைப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். நட்சத்திர மீனை மாடியில் காயப் போட்டோம், எதிர்வீட்டுப் பூனை அதையே சுற்றி வருகிறது. தின்றால் ஒன்றும் ஆகாதே?

பழைய_விலங்கியல்:
முதலில் மீனை எடுத்து மூடி வையுங்கள். 1979-இல் ஜப்பானில் பெரிய சங்கு வகை ஒன்றைத் தின்ற ஒருவருக்கு நஞ்சேறியது. தேடிப் பார்த்ததில், அந்தச் சங்கு தின்றிருந்தது அஸ்ட்ரோபெக்டனில் இன்னொரு வகையை. அதில் இருந்தது பேத்தை மீனின் அதே நஞ்சு. அந்த நட்சத்திர மீன் தின்னும் சின்ன நத்தைகளிலும் நஞ்சு இருந்தது. உங்களுடையது வேறு வகையாக இருக்கலாம், இருந்தாலும் பூனையை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

டப்பா நாறுகிறதா?

கோவளம்_அப்பா:
நேற்றிலிருந்து.

பழைய_விலங்கியல்:
அப்போ சிப்பி செத்துவிட்டது. பாப்பா பள்ளிக்குக் கிளம்புவதற்குள் டப்பாவைக் கழுவிவிடுங்கள்.